ஒற்றை ரூபாயின் வெள்ளை இடம்

கதையோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பழைய இந்திய நோட்டுகளை வாங்கி விற்பதும், கசங்கியும் கறைபட்டும் வருகிறவற்றைச் சீராக்கித் தருவதும் என் பிழைப்பு. செல்லாது என்று அறிவித்துவிட்ட ஆயிரம், அச்சடிப்பதையே நிறுத்திவிட்ட இரண்டு ரூபாய், எது வந்தாலும் கூடவே ஒரு கதையும் படியேறி வரும். தாத்தாவுக்கு யாரோ ஒரு ராஜா தன் கையால் கொடுத்தது என்பார் ஒருவர். அத்தை தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தது என்பார் இன்னொருவர். கதைக்கு நான் காலணா கூட்டித் தருவதில்லை. கதை நீண்டால் நோட்டில் எங்கோ கிழிசல் இருக்கிறது என்று சந்தேகப்படுவேன், பெரும்பாலும் இருக்கும்.

முப்பது வருடத்தில் என் காது தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. வாய் பாட்டுக்கு ‘ம்’, ‘அப்படியா’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண் நோட்டின் நான்கு மூலைகளையும் மேய்ந்துகொண்டிருக்கும். என் மனைவி இதைக் கல்யாணமான அடுத்த மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அதனால் ஏதாவது முக்கியமாகச் சொல்லவேண்டும் என்றால், முதலில் என் கையிலிருக்கும் லென்ஸை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

ஒருநாள் ஆல்பத்தோடு படியேறி வந்த அந்தம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

அவருடைய கணவரை எனக்குத் தெரியும். லாரிகளை எடைபோடும் மேடையில் கணக்கராக இருந்தவர். ஒரு ரூபாய் நோட்டைத் தவிர வேறெதையும் சேர்க்கமாட்டார், அதனால் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு ‘ஒத்தை ரூபாய்’ என்றே பெயர். எல்லா நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருக்க, ஒரு ரூபாயில் மட்டும் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். எந்த வருடம், எந்தச் செயலாளர், எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மாதத்துக்கு ஒருமுறை நூலக மாடியில் நாங்கள் கூடும்போது கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக்கூட ஆறவைத்துவிட்டு, பிறர் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மாடியில் வைத்துத்தான் அவர் என் மூக்கை உடைத்தார். தண்ணீரே படாத நோட்டு என்று சொல்லி நான் ஒருவருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து வந்து அதை இடுக்கியால் வாங்கினார். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, “கழுவி இஸ்திரி போட்டிருக்கு சார். என் வீட்டுக்காரி பண்ற வேலை இது, எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் மனைவி ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதும் உண்மைதான். அதற்குப் பிறகு நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன், போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தம்மா வந்தார். கீழே கண்ணாடிக்கடை. அவர்கள் கண்ணாடி அறுக்கும் சத்தத்தைத் தாண்டி இரண்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, தான் இன்னார் மனைவி என்று சொன்னார். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு ஆல்பம் இருந்தது. புருஷன் போன ஆறாவது மாதம் ஆல்பத்தோடு மனைவி வருவது என் தொழிலில் வழக்கமான ஒன்று. விற்க வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். ஆல்பத்தைத் திறந்தேன். அவர் பேச ஆரம்பித்தார், என் காது மூடிக்கொண்டது.

ஏறக்குறைய அரைமணி நேரம் பேசியிருப்பார். அந்த அரைமணி நேரத்தில் நான் பார்த்ததை இன்றும் பக்கம் பக்கமாகச் சொல்லமுடியும். அந்தக் காலத்து வங்கிகளில் நோட்டுக்கட்டைக் கம்பியால் தைத்துவிடுவார்கள். அதனால் பழைய நோட்டு என்றால் இடது ஓரத்தில் இரண்டு துளை இருந்தே தீரும். ஒத்தை ரூபாயின் ஆல்பத்தில் ஒரு துளையைக்கூட நான் பார்க்கவில்லை. வருட வாரியாக, கையெழுத்து வாரியாக, ஒவ்வொன்றும் நேற்று அச்சடித்த மெருகோடு இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எடைமேடையில் உட்கார்ந்திருந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே, எப்படிப் பிடித்தார் என்று மாய்ந்துபோனேன்.

முதல் பக்கத்தில் மட்டும் ஒரு நோட்டு மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தது. சந்தையில் சீப்பட்டுக் கிடக்கும் சாதாரண ரகம். நாலாக மடித்த தடம், இரண்டு துளை. வாட்டர்மார்க் இருக்கும் வெள்ளை இடம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். காசாளர்கள் கட்டின் எண்ணிக்கையை அந்த இடத்தில்தான் எழுதிவைப்பார்கள். எழுதாத நோட்டு கிடைப்பதே அபூர்வம். அந்த வெள்ளை இடத்தை மறுபடி வெள்ளையாக்குவதற்காகத்தான் பாதிப்பேர் என்னைத் தேடி வருகிறார்கள். ஊருக்கே பாடம் எடுத்தவரின் ஆல்பத்தில், அதுவும் முதல் பக்கத்தில், இப்படி ஒரு அழுக்கு நோட்டா என்று எனக்கு உள்ளூரக் குஷியாகக்கூட இருந்தது.

அந்தம்மா பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த இடத்தில் அநேகமாக எல்லோருமே கண்ணைத் துடைப்பார்கள். ஒரு வாரம் ஆகும் என்றேன். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அதுக்கு எதுவும் ஆயிடாம பாத்துக்குங்க சார். வேற யார்கிட்டயும் காட்டினதில்ல.”

“என் கைக்கு வந்த நோட்டுக்கு எதுவும் ஆகாதும்மா,” என்றேன். அந்த வார்த்தைகள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவை நான் சொன்னவை.

அன்று பிற்பகலே வேலையை ஆரம்பித்தேன். மற்ற நோட்டுகளில் எனக்கு வேலை இல்லை, இந்த ஒன்றில்தான். இதைச் சும்மா விட்டுவிட்டே ஆல்பத்துக்கு விலை சொல்லியிருக்கலாம். ஆனால் கை துறுதுறுத்தது. கழுவின நோட்டு என்று நாலுபேர் நடுவில் சொன்னாரே, இதைக் கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. செத்தவரோடு போட்டி போடுகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

பென்சிலை எடுப்பது எங்கள் வேலையில் குழந்தை விளையாட்டு. மாவைப்போலப் பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர் ஒன்று இருக்கிறது. அதைத் தேய்க்கக்கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்கு வந்துவிடும். அந்தக் கிறுக்கலைப் பற்றி என்னால் எவ்வளவோ சொல்லமுடியும். மெத்தென்ற பென்சில், முனை மழுங்கியது. எழுதியவரின் கையில் வலு இல்லை, எழுத எழுத வலப்பக்கம் சரிந்துகொண்டே போயிருந்தது. இரண்டு வரி. இரண்டாவது வரியின் கடைசி, வெள்ளை இடத்தைத் தாண்டி அச்சுக்குள் ஏறியிருந்தது. அந்த ஓரத்தில் மை பெயராமல் எடுக்க எனக்கு ஒருமணி நேரம் பிடித்தது. இவ்வளவும் கவனித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அழுக்கை யாராவது படிப்பார்களா?

முடித்ததும் லேசாக ஆவி காட்டி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலும் கீழும் கண்ணாடித் தகடு கொடுத்து, இரும்பு எடையைத் தூக்கி வைத்தேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கேட்டாள், அந்தம்மாவின் நோட்டில் கடைசியில் என்னதான் எழுதியிருந்தது என்று. எந்த நோட்டில் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த லென்ஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கடைசியா எழுதினதுங்க. தொண்டையில குழாய் போட்டிருந்தாங்களாம், பேச முடியலையாம். கையில பேப்பர் எதுவும் இல்லன்னு அந்த நோட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. கை நடுங்கி எழுதினதால அவங்களால படிக்க முடியல. உங்ககிட்ட லென்ஸ், லைட் எல்லாம் இருக்கேன்னுதான் படிச்சுச் சொல்லச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. நீங்க என்னத்தக் கேட்டீங்க?”

அவளும் முழுக்கக் கேட்கவில்லை. டீ கொடுக்க வந்தவள் நின்று கேட்டிருக்கிறாள், பாதியில் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து உள்ளே ஓடியிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்தம்மா படியிறங்கிவிட்டார்.

கையைக் கழுவாமலே போய் இரும்பு எடையைத் தூக்கினேன். கண்ணாடித் தகட்டுக்குக் கீழே நோட்டு பளிச்சென்று கிடந்தது. இவ்வளவு சுத்தமாக நான் என் வாழ்நாளில் ஒரு நோட்டைச் செய்ததில்லை.

அழிந்த பென்சிலைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. எழுதும்போது முனை அழுத்தியதால் தாளில் பள்ளம் விழுந்திருக்கும். அறையை இருட்டாக்கி, விளக்கைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளம் நிழலாகத் தெரியும். பட்டப்பகலில் சன்னலை எல்லாம் அட்டை வைத்து அடைத்தேன். வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே என்று விளக்கை நகர்த்திப் பார்த்தேன். முன்பக்கம் ஒன்றும் இல்லை என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பள்ளம் இருந்தால்தானே தெரியும்? ஏற்கெனவே வலுவில்லாத கை. அந்தக் கை விட்டுப்போன கொஞ்சநஞ்சப் பள்ளத்தையும் நான்தான் ஆவி காட்டி, எடை வைத்து, இரண்டு நாள் அழுத்தி நிரவியிருந்தேன். இரண்டாவது வரியின் கடைசியில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு வளைவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது எந்த எழுத்தின் வால் என்று யாராலும் சொல்ல முடியாது. அது எழுத்துத்தானா, மடிப்பா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

ரப்பரை எடுத்துப் பார்த்தேன். மண்ணாங்கட்டி நிறத்தில் உருண்டையாக இருந்தது. அவர் கடைசியாகச் சொன்னது முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மனைவி வந்து சன்னல் அட்டைகளைப் பிரித்தாள். உண்மையைச் சொல்லிவிடச் சொன்னாள். “திட்டுவாங்க, அழுவாங்க. கேட்டுக்குங்க. வேற என்ன செய்ய முடியும்?” என்றாள். சரி என்றேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் உண்மையைச் சொல்வதற்குத்தான் வார்த்தை தேடினேன். திங்கட்கிழமை மத்தியானம் எப்போது பொய்யைத் தேட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்குப் பட்டது இதுதான். அவருக்கு வேண்டியது பென்சில் அல்ல, புருஷனின் ஒரு வார்த்தை. அதைக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சாகக் கிடக்கிறவர் என்ன எழுதுவார் என்று யோசித்தேன். ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்றால் நாடக வசனமாக இருக்கிறது. ‘பயப்படாதே’ என்றால் ஒற்றை வார்த்தை, எழுத்தோ இரண்டு வரியாக இருந்தது. கடைசியில் நானே அந்தக் கட்டிலில் கிடப்பதாக நினைத்துப் பார்த்தேன். தொண்டையில் குழாய், சுற்றிலும் இயந்திரச் சத்தம். எனக்கு என்ன வேண்டியிருக்கும்? அது உடனே வந்துவிட்டது. ‘வீட்டுக்குப் போகலாம்.’ இரண்டு வார்த்தை, இரண்டு வரி. யாருக்கும் நோகாத வார்த்தை. கேட்டால் அழுவார், பிறகு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு வந்தார். வேலைக்குப் போகும் வழியில் வந்திருக்கவேண்டும், ஓட்டலின் சீருடை மேலங்கி போட்டிருந்தார். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. உட்காரவில்லை. படித்தீர்களா என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். எழுத்து ரொம்ப மங்கலாக இருந்தது, தெளிவாகத் தெரிவதற்காக ஈரம் காட்டவேண்டியதாயிற்று, படித்து முடித்த பிறகு அந்த ஈரத்திலேயே பென்சில் போய்விட்டது, மன்னிக்கவேண்டும் என்றேன். நோட்டை எடுத்து வைத்தேன். வெறுமையாக இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈரமும் சூடும் பட்டால் தடம் போய்விடும் என்பது அவருடைய தொழிலிலும் தெரிந்த விஷயம். ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்ததை அவரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

படித்து முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

“எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு சார். வேற யாராவது வேற மாதிரி படிச்சுச் சொல்லமாட்டாங்களான்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

பிறகு போனவாரம் சொன்னதையே திரும்பச் சொன்னார். சொல்லவேண்டிய அவசியம் இல்லாததுபோல, எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை நினைவுபடுத்துவதுபோலச் சொன்னார். இந்தமுறை என் காது திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள் காலையில் டாக்டர் அந்தம்மாவை வெளியே கூப்பிட்டு இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பிழைத்தாலும் பிழைக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்து இரண்டு மூன்று வாரம் ஓடும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். இவர் உள்ளே போய்ப் புருஷனிடம் கேட்டிருக்கிறார். அவர் எழுதுவதுபோல விரலை ஆட்டியிருக்கிறார். அட்டவணையில் குறிக்க வைத்திருந்த பென்சிலை நர்ஸ் கொடுத்திருக்கிறார். தாள் எடுத்துவருகிறேன் என்று நர்ஸ் போன நேரத்தில், அவர் தலைமாட்டில் இருந்த தன் பர்ஸைக் காட்டியிருக்கிறார். ராசிக்கு என்று எப்போதும் அதில் ஒரு ஒற்றை ரூபாய் வைத்திருப்பாராம். அதைத்தான் பிறகு இவர் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

“நோட்ட மடிச்சாலே திட்டுற மனுஷன் சார். அவரே அதுல எழுதினாரு. எழுதி என் கையில குடுத்துட்டு என்னையே பாத்தாரு. எனக்குப் படிக்க முடியல. முதல் எழுத்து ‘வீ’ மாதிரி இருந்துச்சு. ஆனா அவர இழக்க எனக்கு மனசு இல்ல. ஆபரேஷனுக்குச் சரின்னுதானே எழுதியிருக்கீங்கன்னு கேட்டேன். கண்ண மூடிக்கிட்டாரு. சரின்னு சொல்றாருன்னு நானா எடுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அந்த மேசையிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை.

கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் நோகாது என்று நான் பொறுக்கி எடுத்த வார்த்தை அந்தம்மாவின் மடியில் கிடந்தது. உலகத்தில் இருக்கிற எத்தனையோ வார்த்தைகளில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இந்தம்மா பிழைத்திருப்பார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன், காலில் விழாத குறைதான். “அம்மா, நான் சொன்னது பொய். நான் அதைப் படிக்கவே இல்ல. நீங்க சொன்னதக் காதுல வாங்காம, அழுக்குன்னு நினைச்சு அழிச்சுட்டேன். இது நானா இட்டுக்கட்டி எழுதினது,” என்றேன். அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதை கேட்கும்போது ஆட்டுவேனே, அதே ஆட்டல்.

“என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. உங்க நல்ல மனசு.”

“இல்லம்மா, சத்தியமா.”

“அவரு உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு சார். கை சுத்தமில்ல, ஆனா கண்ணுன்னா அந்தாளு கண்ணுதான், அது பார்க்காத புள்ளி கிடையாதுன்னு. உத்துப் பாக்கிறதுதானே உங்க தொழில்? கண்ணுக்கு முன்னால இருந்த எழுத்தப் படிக்காம அழிச்சேன்னு சொன்னா யார் நம்புவாங்க?”

மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். அந்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, இவர் சொல்வது நிஜம், வியாழக்கிழமை நான் சொல்லித்தான் இவருக்கே விஷயம் தெரியும், இருட்டு அறையில் உட்கார்ந்து இவர் அழுததை நான் பார்த்தேன் என்று சொன்னாள். அந்தம்மா அவள் கையைத் தடவிக்கொடுத்தார்.

“ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்க. முகத்தப் பாத்தாலே தெரியுது. எனக்காக இவ்வளவு யோசிக்கிற ஜனங்களும் இருக்கீங்களே,” என்றார்.

அவர் எழுந்தார். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட முயன்றார், மூலை மடங்கியது. பழக்கதோஷம், என் கை தானாக நீண்டு இடுக்கியால் அதை வாங்கி உறைக்குள் இறக்கிக் கொடுத்தது. துண்டுத்தாளையும் அதே உறைக்குள் வைக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அதை வாங்கிக் கிழிக்கப் போனேன். அவர் அதை மேலங்கிப் பைக்குள் போட்டுக் கையால் மூடிக்கொண்டார்.

“அவரு கேட்டது இதுல இருக்கு சார். நான்தான் செய்யல.”

ஆல்பம் மேசையிலேயே இருந்தது. எடுத்துப் போங்கள் என்று சொன்னதற்கு, படித்துச் சொன்னதற்கு உங்களுக்கு வேறென்ன கொடுக்கப்போகிறேன், அதை மதிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எவ்வளவு மன்றாடியும் தொடக்கூட மறுத்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே வாசல்வரை ஓடினேன். மறுபடியும் அதே உண்மையை, இன்னும் சத்தமாக, படிக்கட்டு வளைவில் நின்று சொன்னேன். கண்ணாடிக்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்து, சரி சார், சரி சார் என்று என்னைச் சமாதானப்படுத்துகிறமாதிரி கையைக் காட்டிவிட்டுத் தெருவுக்குள் போய்விட்டார்.

அவர் வேலைசெய்யும் ஓட்டலுக்குப் பிறகு இரண்டுமுறை போனேன். முதல்முறை பின்வாசலுக்கு வந்து, நீங்கள் இப்படி அலையவேண்டாம், நான் தேறிவிட்டேன் என்றார். தேறினவர் முகமாக அது இல்லை. பாதியாக இளைத்திருந்தார். இரண்டாவதுமுறை வேலைக்கு வருவதில்லை என்று சொன்னார்கள். வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒருமுறை சொல்லியிருப்பார், அந்த முதல் அரைமணி நேரத்தில் எங்கோ.

ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு துளைகூட இல்லாத ஒற்றை ரூபாய்கள், வருடம் தவறாமல். கேள்விப்பட்டு இரண்டு பேர் விலை பேச வந்தார்கள். அவர்களிடமும் உண்மையைச் சொன்னேன். கதை சொல்லி விலையை ஏற்றுகிறேன் என்று நினைத்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் உறை. மனைவி வந்து என் கையிலிருந்த லென்ஸை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.